மர்ம நாவல் வீட்டில் ஒரு குறுவை நடவு

எங்கள் வீட்டில் புத்தகத்தைக் கிழித்துத்தான் படிப்போம். இதைச் சொன்னால் இலக்கியம் படிக்கிறவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளித்துக்கொள்ளட்டும். இருப்பது ஒரே ஒரு மாத நாவல், படிக்க மூன்று பேர், மூவருக்கும் பொறுமை மருந்துக்கும் கிடையாது. வேறு என்னதான் செய்வது?

முறை இதுதான். மாமா, அதாவது என் மாமனார், முதல் ஆளாக நாவலைக் கையில் எடுப்பார். ஐந்தாறு அத்தியாயம் முடிந்ததும் படித்த பகுதியை மட்டும் சர்ரென்று கிழித்து அத்தையிடம் கொடுப்பார். சோறு கொதிக்கிற நேரத்தில் அத்தை அதை முடித்து என் பக்கம் தள்ளிவிடுவார். ஆக, ஒரே நேரத்தில் மாமா சுரங்கப் பாதையில் இருப்பார், அத்தை கருவறையில் இருப்பார், நான் முதல் கொலையில் இருப்பேன். முன்னால் போனவர் பின்னால் வருகிறவருக்குக் கதையைச் சொல்லக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அத்தை வாயால் சொல்ல மாட்டார். "அந்த அர்ச்சகர் பாவம்டி" என்று அரிசி களைந்துகொண்டே ஒரு பெருமூச்சு விடுவார். அர்ச்சகருக்குச் சங்குதான் என்று எனக்குத் தெரிந்துபோகும். எரிச்சலாக வரும்.

எண்பதுகளின் கடைசி அது. மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையில் ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். தாலி கட்டி மூன்றாம் மாதமே என் கணவர், கூத்தாநல்லூரில் தெரிந்த ஒருவர் மூலமாக விசா வாங்கிக்கொண்டு மஸ்கட் போய்விட்டார். எனக்கு மிஞ்சியது மாமனார், மாமியார், மாதம் ஒரு நாவல். மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு கடையில் நான்தான் வாங்கி வருவேன். அட்டையில் கட்டாயம் ஒரு கோபுரம் இருக்கும். கோபுரத்துக்குப் பின்னால் கூலிங் கிளாஸ் போட்ட வெள்ளைக்காரன், முன்னால் ஒரு மண்டை ஓடு. உள்ளே ஐம்பொன் சிலை, செப்புத் தகட்டில் ரகசிய யந்திரம், சித்தர் மறைத்து வைத்த மூலிகை, அதைத் தேடும் சர்வதேசக் கும்பல், கும்பலுக்கு உள்ளூரில் ஒரு போலிச் சாமியார். பஸ்ஸில் வரும்போதே கடைசி அத்தியாயத்தைப் படித்துவிடுவேன். கொலைகாரன் யார் என்று தெரிந்த ஒரே ஆள் என்பதால் வீட்டில் எனக்கென்று ஒரு மரியாதை இருந்தது.

மாமா கறுப்புச் சட்டைக்காரர். கோயில் வாசலில் மழைக்குக்கூட ஒதுங்காதவர். ஆனால் நாங்கள் பரம்பரையாகப் பயிர் செய்வது கோயில் நிலம், குத்தகைக்கு. "சாமி வேண்டாம், சாமி நெலம் மட்டும் வேணும்" என்று அத்தை வாரத்துக்கு ஒரு தடவையாவது குத்திக்காட்டுவார். "நெலம் சாமியோடதுன்னு எவன் சொன்னான்? உழுதவனோடது" என்று மாமா ஆரம்பிப்பார். ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார்.

இந்த மனிதருக்குச் சாமி நாவல் எதற்கு என்று கேட்பீர்கள். சாமியார் வில்லனாக வருகிறாரே, அதற்குத்தான். "பாத்தியா, அன்னிக்கே சொன்னேன்ல?" என்று தொடையைத் தட்டுவார், ஏதோ அந்தச் சாமியாரை அவரே கையும் களவுமாகப் பிடித்த மாதிரி. அத்தை படிப்பது வேறு காரணத்துக்கு. எந்த நாவலிலும் கடைசியில் ஒரு நாகம் வந்து திருடனைக் கொத்தும், இல்லாவிட்டால் மூடியிருந்த கருவறையில் மணி தானாக அடிக்கும். அத்தை கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஒரே புத்தகம், இரண்டு பேரும் அது தம் கட்சிக்காரர் எழுதியது என்று நம்பினார்கள். அந்த எழுத்தாளர் பிழைக்கத் தெரிந்தவர்.

மாமாவுக்குப் பொறுக்காதது ஒன்றே ஒன்றுதான், சுரங்கம். ஒரு நாவலில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றின் கருவறையிலிருந்து கோடியக்கரை வரைக்கும் சுரங்கம் போனது. மாமா புத்தகத்தை வீசி எறிந்துவிட்டார். "நம்ம ஊருல நாலு அடி தோண்டுனா ஊத்து வருது. இந்த நாயி கடல் வரைக்கும் தோண்டியிருக்கான். உள்ள போனவன் எல்லாம் என்ன கெளுத்தி மீனா?" அரை மணி நேரம் கழித்து, போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து மிச்சத்தைப் படித்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நிலத்துக்கு வந்தது வினை. மாமாவுக்கு முட்டிவலி. சேற்றில் இறங்கினால் ஏற முடியவில்லை. "குத்தகையக் கோயிலுக்கே திருப்பி எழுதிக் குடுத்துடப் போறேன். பையனும் சரின்னு லெட்டர் போட்டுட்டான்" என்றார் ஒருநாள், சாப்பாட்டுத் தட்டின் முன்னால், உப்புக் கேட்கிற சாதாரணக் குரலில். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நானும் விவசாயி வீட்டுப் பெண்தான். பி.ஏ. படித்தேனே தவிர சேற்றை மறக்கவில்லை. மஸ்கட்டில் ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் 'சரி' என்று எழுதினால் பரம்பரை நிலம் போய்விடுமா?

"இந்தக் குறுவைய நான் பண்றேன் மாமா" என்றேன்.

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெண்ணுரிமை பற்றி மேடை மேடையாகப் பேசுகிறவர், மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. "சரி. குறுவை வீடு வந்து சேந்தா நெலம் உன் பொறுப்பு. சேரலேன்னா அடுத்த வாரமே எழுதிக் குடுத்துடுவேன். அழக் கூடாது" என்றார். "நான் ஏன் அழறேன்?" என்றேன். அந்த வாரம் முழுக்க அழுகிற மாதிரிதான் இருந்தது.

அந்த வருஷம் தண்ணீர் இழுபறி. ஆற்றில் முறை வைத்து விட்டார்கள். சில நாள் எங்கள் வாய்க்காலில் வரும், பிறகு மதகை அடைத்துவிட்டு அடுத்த வாய்க்காலுக்குத் திருப்புவார்கள். நாற்று முற்றத் தொடங்கியிருந்தது. எங்கள் முறைக்குள் நட்டுவிட வேண்டும், தவறினால் நாற்றை மாட்டுக்குத்தான் போட வேண்டும். டிராக்டர் வைத்துச் சேற்றுழவு ஓட்டினேன். டிராக்டர் திரும்ப முடியாத மூலைகளை மண்வெட்டியால் வெட்டிக் கொடுக்க ஓர் ஆள் வந்தார். நடவுக்குப் பெண்களைச் சேர்த்து அழைத்து வருகிற அக்காவின் வீட்டுக்காரர் அவர்.

மூன்று மூலை முடித்து வடகிழக்கு மூலைக்குப் போனார். மண்வெட்டி 'ணங்' என்றது.

கல்லில் பட்டால் அந்தச் சத்தம் வராது. இன்னொரு தடவை மெல்லத் தட்டினார். மறுபடி 'ணங்'. அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "சின்னம்மா, இது ஈசானிய மூல" என்றார், ஏதோ என் வயலின் திசை எனக்குத் தெரியாத மாதிரி.

தெரியாமலா? எங்கள் நாவல்களில் சிலைகள் வேறு எங்கே புதைந்திருந்தன? எல்லாம் ஈசானிய மூலைதான்! என் உடம்பு புல்லரித்தது. அடுத்த நொடியே வேறொன்று நினைவுக்கு வந்தது. பக்கத்து ஊரில் ஒருவர் வயலில் அம்மன் சிலை கிடைத்தது. ஊரே பாலும் பழமும் கொண்டு ஓடியது. பின்னாலேயே தாசில்தார் வந்தார், போலீஸ் வந்தது, வயலைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். அந்தப் போகம் முழுக்க அவர் வரப்பில் நின்று சிலைக்குக் காவல் இருந்த போலீஸ்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்ததோடு சரி. எனக்கும் அதே கதிதான்.

மாமாவைக் கூட்டி வந்தேன். அவர் நொண்டிக்கொண்டே வந்து குழியை எட்டிப் பார்த்தார். ஓர் அடி ஆழத்தில், சேற்றுக்குள் பச்சை ஏறிய பித்தளை விளிம்பு ஒன்று பிறை போலத் தெரிந்தது. மாமா குரலைத் தாழ்த்தினார். வாழ்நாளில் அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பீடம்" என்றார்.

"அதான் நானும் நெனச்சேன்."

"மூடு. நட்டு முடியற வரைக்கும் மூச்சு விடக் கூடாது. கோயில் அதிகாரிக்குத் தெரிஞ்சா இதையே சாக்கா வச்சு நெலத்தப் புடுங்கிடுவான்."

மூலை வெட்டியவரிடம் சத்தியம் வாங்க வேண்டியிருந்தது. மாமா அதற்குள் தம் கொள்கையைக் கொண்டுவந்தார். "சாமி மேல எல்லாம் வேண்டாம். உன் மனசாட்சி மேல சத்தியம் பண்ணு" என்றார்.

"மனசாட்சி மேலயா?" என்று அவர் திருதிருவென்று விழித்தார். "அது மேல எப்புடிங்கய்யா பண்றது?"

மூடி, மேலே வைக்கோலைப் பரப்பினோம். அன்று பிற்பகலே புல்லட்டில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஓர் ஆள் வந்து எங்கள் வரப்பில் நின்றான். எனக்கும் மாமாவுக்கும் உயிர் போய்விட்டது. "அந்த மூலைல மட்டும் ஏங்க வைக்கோல் போட்டு மூடியிருக்கீங்க?" என்று கேட்டான். "எங்க வயலு, எங்க மூல, எங்க வைக்கோலு" என்றார் மாமா. அவன் பூச்சி மருந்துக் கம்பெனி ஆள். விளம்பர நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். மாமா அந்த நோட்டீஸை வெயிலில் தூக்கிப் பிடித்து, உள்ளே வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். நானும் பார்த்தேன்.

வீட்டில் அத்தையிடம் மூச்சு விடவில்லை. அவரிடம் சொன்னால் ஒரு பெருமூச்சிலேயே ஊருக்குத் தெரிந்துவிடும்.

விடிந்தால் நடவு. நடவு நாள் மாலையே மதகை அடைக்கிறார்கள் என்று தகவல் வந்திருந்தது. நாற்று முடிகளை வயல் நெடுக வீசியாயிற்று. காலையில் பெண்கள் வந்தார்கள். வந்தவர்கள் வரப்பிலேயே நின்றார்கள். எல்லோரும் தலைக்குக் குளித்திருந்தார்கள். ஒருத்தி முகத்தில் மஞ்சள். இன்னொருத்தி கையில் வாழைப்பழச் சீப்பு. சேற்றில் இறங்குகிற நாளில் எவள் தலைக்குக் குளிப்பாள்? எனக்கு அப்போதே பகீரென்றது.

"எறங்குங்க அக்கா, வெயில் ஏறுது" என்றேன், அவர்களை அழைத்து வந்த அக்காவிடம்.

"எப்புடிம்மா எறங்கறது? சாமி படுத்திருக்கற எடத்துல சேத்த மிதிச்சிக்கிட்டு, குனிஞ்சு முதுகக் காட்டிக்கிட்டு நடச் சொல்றீங்களா? எங்க புள்ள குட்டி நல்லா இருக்க வேணாமா?"

"எந்தச் சாமி? யாரு சொன்னா?"

அக்கா தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் ஆகாயத்தைப் பார்த்தார். மனசாட்சி மேல் செய்த சத்தியம் இந்த லட்சணத்தில் இருந்தது.

மாமா முன்னால் வந்தார். "இங்க பாருங்கம்மா. சாமின்னு ஒண்ணு கெடையாது. அது வெறும் உலோகம். மனுசன் செஞ்சது, மனுசன் பொதச்சது. தைரியமா எறங்குங்க."

"நீங்க கோபுரத்தையே இல்லம்பீங்க" என்றாள் மஞ்சள் பூசியவள். "நீங்க இல்லேன்னு சொல்லச் சொல்லத்தான் எங்களுக்குப் பயமா இருக்கு." மற்றவர்கள் 'அதானே' என்றார்கள்.

அழக் கூடாது என்ற நிபந்தனையை நான் அங்கேயே மீறினேன். வெட்கமே இல்லாமல் அழுதேன். கோபத்தில் வருகிற அழுகை அது, மூக்கெல்லாம் அடைத்துக்கொண்டது. நாற்று வாடுகிறது, தண்ணீர் போகப்போகிறது, நிலம் கோயிலுக்குத் திரும்பப்போகிறது, எல்லாம் ஒரு பீடத்தால். "எடுத்துடுவோம். தாசில்தாரு வந்தா வரட்டும். சாமிய வெளிய எடுத்து வரப்புல வச்சிட்டா நடுவீங்கல்ல?" என்று கத்தினேன்.

"அப்புடின்னா நடுவோம்" என்றாள் அக்கா. "எடுக்கறது யாரு?"

அவள் வீட்டுக்காரர் இரண்டு அடி பின்னால் போனார். "மண்வெட்டி சாமி மேல பட்டுதுன்னா கண்ணு அவிஞ்சிடும். நான் மாட்டேன்." அங்கே இருந்தவர்களில் யாருக்கும் துணிச்சல் இல்லை, எனக்கும் சேர்த்துத்தான். எல்லோரும் மெல்ல மாமா பக்கம் திரும்பினோம். சாமியைத் தோண்டி எடுக்கத் தகுதியுள்ள ஒரே ஆள், சாமி இல்லை என்கிறவர்தான்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். முட்டி 'கடக்' என்றது. முதல் மண் விழுந்ததுமே ஒருத்தி கற்பூரத்தைக் கொளுத்தினாள். இன்னொருத்தி குலவை விட்டாள். "குலவை போடாதீங்க!" என்று மாமா குழிக்குள்ளிருந்து கத்தினார். எல்லோருமாகச் சேர்ந்து போட்டார்கள். கறுப்புச் சட்டை சேறாகி, நெற்றி வியர்த்து, சுற்றிலும் குலவையும் கற்பூரமுமாக மாமா தோண்டிய அந்தக் காட்சியை அவர் கட்சிக்காரர்கள் யாராவது பார்த்திருந்தால் அன்றே கட்சியை விட்டு நீக்கியிருப்பார்கள்.

விளிம்பைச் சுற்றி மண்ணைத் தள்ளி, இரண்டு கையாலும் அசைத்து அசைத்து, 'ஹக்' என்று ஒரு முனகலோடு வெளியே இழுத்தார்.

மரக்கால்.

நெல் அளக்கிற பித்தளை மரக்கால். வாய் நிறையச் சேறு. குலவை பாதியில் நின்றது. வாழைப்பழம் கொண்டுவந்தவள் சீப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

மாமா வாய்க்காலில் அதை அலசிக்கொண்டு வரப்பில் ஏறினார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள்! "சாமியும் இல்ல, பூதமும் இல்ல. இதப் பாருங்க. இது கோயில் மரக்கால்! குத்தகை நெல்லு வாங்கறப்ப பெரிய மரக்கால்ல அளந்து வாங்கறது, குடுக்கறப்ப சின்ன மரக்கால்ல அளந்து குடுக்கறது, இதுதான் அந்தக் காலத்துக் கோயில் தர்மம். அதிகாரி சோதனைக்கு வந்ததும் பயந்துபோயிப் பொதச்சிருக்கானுவ. நாவல்ல எழுதறானே சதின்னு, இதான்யா சதி!"

எனக்கே புல்லரித்தது. மதத்தின் பெயரால் நடந்த ஒரு நிஜச் சதி, எங்கள் வயலில்! மாமா அதோடு விட்டிருக்கலாம். நிரூபித்தே தீர வேண்டும் என்று நின்றார். பக்கத்துக் களத்திலிருந்து சர்க்கார் முத்திரை குத்திய படி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் பக்கம் நாலு படி ஒரு மரக்கால். "இதுல அஞ்சு படி புடிக்கும், பாருங்க" என்று சொல்லிவிட்டு, வாய்க்கால் தண்ணீரைப் படி படியாக மொண்டு ஊற்றினார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது படியில் பாதி ஊற்றுவதற்குள் தண்ணீர் விளிம்பில் வழிந்து அவர் கால் மேல் கொட்டியது.

"ஊத்துன வேகம்" என்றார். கொட்டிவிட்டு மறுபடி அளந்தார். அதே மூன்றரைதான்.

நான் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். வெளியே பார்த்தால் முழு மரக்கால். உள்ளே அடித்தட்டை ஒரு விரல் அளவு மேலே ஏற்றிப் பற்ற வைத்திருந்தது. "மாமா, இது பெரிய மரக்கால் இல்ல. சின்னது. நெல்லு வாங்கறதுக்கு இல்ல, குடுக்கறதுக்கு" என்றேன்.

"கோயில்ல... வேலை பாக்கறவங்களுக்குப் படி அளப்பாங்கல்ல, அதுக்கு இருக்கும்" என்றார். குரலில் பழைய உறுதி இல்லை.

அந்த நேரம் பார்த்து, தூக்குச்சட்டியில் நடவு ஆட்களுக்கு நீராகாரமும் கையில் ஊறுகாயுமாக அத்தை வரப்பில் வந்தார். மரக்காலைப் பார்த்தார். தூக்குச்சட்டியைத் தொப்பென்று வைத்தார். ஓடிவந்து அதைப் பிடுங்கித் திருப்பி விளிம்பைத் தடவினார். மூன்று கோடும் நடுவில் ஒரு புள்ளியும் வெட்டியிருந்தது. எங்கள் வீட்டு அண்டா, தவலை, குடம் எல்லாவற்றிலும் இருக்கிற அதே அடையாளம்.

"இது எங்க மாமனாரு மரக்கால்!" என்று அத்தை கத்தினார், அவ்வளவு சந்தோஷமாக. "அய்யோ, கெடச்சிட்டுதா! எங்கங்க இருந்துச்சு? நான் வாழ வந்த வருசம் காணாமப் போச்சு. கொடி புடிச்சுக்கிட்டுக் கூலிச் சண்ட நடந்துச்சே, ஆபீசருங்க வந்து படி மரக்கால் எல்லாம் சோதன போட்டாங்களே, அப்ப. நான்தான் எங்க அம்மா வீட்டுக்குத் தூக்கிக் குடுத்துட்டேன்னு உங்க அம்மா சாகற வரைக்கும் சொன்னாங்க. இப்ப சொல்லுங்க, நானா எடுத்தேன்? வாயத் தொறந்து சொல்லுங்க!"

மாமாவுக்கும் எனக்கும் அப்போதுதான் விளங்கியது. களத்து மேட்டில் கூலி நெல் அளக்க வைத்திருந்த மரக்கால் அது. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை வாங்கிய அவருடைய அப்பா, சோதனை வருகிறது என்றதும் அதைக் கொண்டுபோய் இந்த மூலையில் புதைத்திருக்கிறார். "எனக்குத் தெரியாது. நான் அப்ப மேடை மேடையாப் போயிட்டிருந்தேன். சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார். நம்பினேன். முழுதாக நம்பினேனா என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.

வரப்பில் யாரோ 'க்ளுக்' என்றார்கள். அவ்வளவுதான், பெண்கள் அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். "இந்தச் சாமிக்கா நான் தலைக்குக் குளிச்சேன்!" என்று மஞ்சள் பூசியவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பழத்தை ஆளுக்கொன்றாகப் பிய்த்துத் தின்றார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, இனி நட்டுவிடுவார்களே என்ற நிம்மதியில். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் மரக்காலுக்குள் கையை விட்டு, மேலே ஏற்றியிருந்த அடித்தட்டைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"எங்க அப்பா ஒங்க வீட்டுக் களத்துலதான் வேலை பாத்தாரு" என்றாள். "அளவு கொறையுதுன்னு சொன்னாரு. பெரியய்யா சாமி கும்புடறவரு, அவரப் போயித் திருடங்கறியான்னு களத்த விட்டே வெரட்டிட்டாங்க. கூலி நெல்லக் கொண்டாந்து வீட்டுல அளந்தா கொறையும். எங்க ஆத்தா, திருட்டுக் கள்ளுக்குக் குடுத்துட்டு வந்துட்டாருன்னு நெனச்சுது. இப்பவும் அப்புடித்தான் நெனச்சுக்கிட்டிருக்கு."

சிரிப்பு நின்றுவிட்டது.

"நட்டுக் குடுத்துடறோம் சின்னம்மா. ஒங்க மேல ஒண்ணும் இல்ல" என்றாள் அக்கா. பிறகு மாமாவைப் பார்த்தாள். "சாயங்காலம் ஐயா எங்க தெருவுக்கு வரணும். வந்து எங்க ஆத்தாகிட்ட ஒங்க வாயால சொல்லணும். நான் சொன்னா அது நம்பாது."

மாமா தலையை ஆட்டினார்.

இறங்கினார்கள். வெறி பிடித்த மாதிரி நட்டார்கள். நட்டுக்கொண்டே, ஈசானிய மூலையில் எழுந்தருளிய மரக்கால் சாமியைப் பற்றி அங்கேயே ஒரு பாட்டுக் கட்டிப் பாடினார்கள். அதிலிருந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மாமா வரப்பில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டார், எழுந்து போகவில்லை. மதகை அடைப்பதற்குள் கடைசி நாற்றுக் குத்தும் ஊன்றியாயிற்று. அந்தக் குறுவை நன்றாகவே விளைந்தது. நிலம் இன்றைக்கும் என் கையில்தான் இருக்கிறது.

சாயங்காலம் மூவரும் போனோம். மரக்காலை அத்தை இடுப்பில் வைத்துக்கொண்டார். அக்காவின் அம்மா குடிசை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மேடை ஏறினால் இரண்டு மணி நேரம் மூச்சு விடாமல் பேசுகிற மாமா, எண்ணி நாலு வாக்கியம்தான் பேசினார்.

"ஒங்க வீட்டுக்காரரு சொன்னது உண்மை" என்றார். "எங்க அப்பாவோட மரக்கால் கொறச்சல்தான். இன்னிக்கு அளந்து பாத்துட்டோம். அவரு கள்ளுக்குக் குடுக்கல."

அந்த அம்மாவுக்குக் காது மந்தம். அக்கா குனிந்து, காதோரமாக அதையே மறுபடி சொன்னாள். அத்தை மரக்காலை அவர் முன்னால் வைத்தார். அவர் அதைத் தொடவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"தெனம் ஏசுவேன்" என்றார், எங்களிடம் இல்லை, கீரையிடம். "புள்ளைங்க பசில அழுவும். அந்தக் கோவத்துல, குடிகாரப் பயலேன்னு ஏசுவேன். 'அவ்ளோதாண்டி அளந்தாங்க, நெசமாடி'ன்னு சொல்லும் அந்த மனுசன். நம்பவே இல்லியே நான். சாகற அன்னிக்குக் காலைலயும் ஏசுனேன்."

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். மாமா காலை மாற்றி மாற்றி வைத்து நிற்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. மகளிடம், "முட்டி வலிக்குது போலருக்கு அவருக்கு, ஒக்கார ஒரு பாயப் போடுடி" என்றார்.

அக்கா பாயைக் கொண்டுவந்து விரித்தாள். மாமா உட்காரவில்லை.